கைராசிக்காரி

பெரிய மகன் வீட்டுக்குப் போய் இரண்டு மாதம் கழித்துத் திரும்பிய மாமியார், செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "பூத்திருச்சு! பூத்திருச்சுடீ!" என்று அவர் போட்ட சத்தத்தில் மூன்று மாடியும் இறங்கி வந்துவிட்டது.

தடித்த இலைகளோடு கூடத்து ஜன்னலில் ஏறிக் கிடந்த மெழுகுப்பூக் கொடி, ஆறு வருஷமாக ஒரு மொட்டுக்கூடக் காட்டாதது, இன்று கொத்துக் கொத்தாகச் சிரித்தது. "ஓர் இலை வாடினாலும் உன்னைச் சும்மா விடமாட்டேன்" என்று மிரட்டிவிட்டுப் போனவர், இப்போது மருமகளைக் கட்டிக்கொண்டார்.

"தினம் ஒரு சொம்பு தண்ணி ஊத்துவேன், துடைப்பேன், பேச்சுக்கூடக் கொடுப்பேன். எனக்குப் பூக்கலையே! அப்படி என்னடி போட்டே?"

"ஒண்ணுமே போடலை அத்தை." மருமகள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"என்ன அடக்கம் பாருங்க!" என்றாள் மாடிவீட்டு டீச்சர், தன் மருமகள் காதிலும் விழட்டும் என்று கொஞ்சம் உரக்கவே.

கூட்டம் கலைந்ததும் கணவன் அடுக்களைக்குள் நுழைந்தான். "எங்கிட்டயாவது சொல்லேன், என்ன பண்ணே?"

"மெதுவாப் பேசுங்க. ரெண்டு மாசமா ஒரு சொட்டுத் தண்ணி காட்டலை. காஞ்சு தொலைஞ்சா அந்த ஜன்னலோரம் என் தையல் மெஷினைப் போட்டுக்கலாம்னு பார்த்தேன். பட்டினி போட்டா பூக்கிற ஜென்மம்னு எனக்கென்ன தெரியும்?"

அதற்குள் கூடத்தில் மாமியார் போனில் உற்சாகமாகப் பேசுவது கேட்டது.

"பெரியவனே, அங்கே இருக்கிற என் அஞ்சு தொட்டியையும் நாளைக்கே வண்டியில ஏத்தி அனுப்பு. இங்கே இன்னும் ரெண்டு ஜன்னல் சும்மாத்தான் கிடக்கு!"