ரவுட்டரும் கொண்டை ஊசியும்

“அத்தை, அந்த ஊசியைக் கீழே வைங்க.”

அலமாரி மேலிருந்த வைஃபை ரவுட்டரைத் திருப்பிப் பிடித்து, கொண்டையிலிருந்து உருவிய ஊசியோடு நின்ற மாமியார், கையும் களவுமாகப் பிடிபட்டாள்.

இன்னும் சற்று நேரத்தில் மருமகளுக்கு நேர்முகத் தேர்வு. கல்யாணத்துக்கு முன்னால் கட்டட வரைபடம் போட்டுக்கொண்டிருந்தவள். மறுபடி அந்த வேலைக்குப் போக ஒரு வாய்ப்பு வந்திருந்தது. வீடியோவில் கூப்பிடுவார்கள். லேப்டாப்போ காலையிலிருந்து ‘இணைக்க முடியவில்லை’ என்று ஒரே பாட்டைப் பாடிக்கொண்டிருந்தது. அவளுடைய போனிலும் அதே கதைதான். அந்த வீட்டுக்குள் மொபைல் சிக்னல் பேசுவதற்குத்தான் உதவும், வீடியோவுக்கு ஆகாது.

போன மாதமும் இப்படித்தான். வேறொரு கம்பெனியின் தேர்வு. தொடங்கும் நேரம் பார்த்து வைஃபை காலை வாரியது. அப்போதும் மாமியார் இதே ஊசியோடு வந்து ரவுட்டரின் முதுகில் ஒரு குத்து குத்தினாள். எரிந்துகொண்டிருந்த விளக்குகளும் அணைந்தன. மருமகள் லேப்டாப்பை மூடிவிட்டு, படுக்கையறையில் போய் விழுந்து அழுதாள்.

சாயங்காலம் வந்த கணவன் தலையில் அடித்துக்கொண்டான். பாவம், அந்த ரவுட்டருக்காக அவன் படாத பாடில்லை. கம்பெனி போட்டுக் கொடுத்த மென்பொருளை அழித்துவிட்டு, இலவசமாகக் கிடைக்கிற ஓப்பன் சோர்ஸ் மென்பொருளை அவனே ஏற்றியிருந்தான். வீட்டுக்கு யார் வந்தாலும் அதைப் பற்றித்தான் பேச்சு. இதில் ஒளிவுமறைவே கிடையாது, எல்லாம் திறந்து கிடக்கும், வாழ்க்கையிலும் என் கொள்கை அதுதான் என்று அளப்பான்.

மனைவிக்கு வைஃபை வரவில்லை என்றதும் ரவுட்டரின் சேனலை மாற்றினான். ஆன்டெனாவைத் திருப்பினான். ரவுட்டரை ஜன்னலோரத்திலிருந்து அலமாரிக்கு ஏற்றினான். லேப்டாப் பழசு என்றான். கடைசியில் அம்மா குத்திக் குத்தியே கெடுத்துவிட்டாள் என்று முடித்து, சேமித்து வைத்திருந்த தன்னுடைய பழைய அமைப்புகளை மறுபடி ரவுட்டரில் ஏற்றினான். அழுதுகொண்டிருந்த மனைவியின் கண்ணையும் துடைத்துவிட்டான்.

அவளும் நம்பினாள். மருமகள் வேலைக்குப் போவது எந்த மாமியாருக்குத்தான் பிடிக்கும்?

“நான் வேலைக்குப் போறது பிடிக்கலைன்னா நேராவே சொல்லிடுங்க அத்தை. இந்தக் குத்துற வேலையெல்லாம் வேண்டாம்.”

சொல்லி முடித்த பிறகு அவளுக்கே கொஞ்சம் அதிகப்படியாகத்தான் தோன்றியது. மாமியார் ஊசியைக் கீழே வைக்கவில்லை. ரவுட்டரின் சின்ன ஓட்டைக்குள் ஊசியை விட்டு, நிதானமாக அழுத்தினாள்.

விளக்குகள் அணைந்தன.

இவ்வளவு சொல்லியும், கண்ணெதிரே, துளிக்கூடக் கூச்சமில்லாமல்! இப்படியும் ஒரு மனுஷி இருப்பாளா? மருமகள் லேப்டாப்பை மூடப் போனாள்.

“மூடாதே, கொஞ்சம் பொறு.” மாமியார் அவள் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

விளக்குகள் ஒவ்வொன்றாகத் திரும்ப எரிந்தன. திரையில் வீட்டு வைஃபையின் பெயரைக் காணோம். அந்த இடத்தில் அவள் பார்த்தே இராத வேறொரு பெயர் இருந்தது. தொட்டாள். பாஸ்வேர்டு கூடக் கேட்காமல் ஒட்டிக்கொண்டது.

அந்த நேரம் பார்த்துக் கணவனிடமிருந்து போன். இன்றைக்கும் வைஃபை வரவில்லையா என்று குரலில் தேன் ஒழுகக் கேட்டான். போனால் போகட்டும், நமக்குக் கொடுத்து வைத்தது அவ்வளவுதான், நீ மனசைப் போட்டு அலட்டிக்கொள்ளாதே என்று ஆறுதலும் சொன்னான்.

“வந்துடுச்சுங்க” என்றாள் அவள்.

“வந்துடுச்சா? எப்படி வரும்? உன் லேப்டாப், போன் ரெண்டையும்தான் நான் பிளாக் பண்ணி...”

பேச்சு பாதியில் நின்றது. பிறகு போனும் கட்டாகிவிட்டது.

சேனலை மாற்றியது, ஆன்டெனாவைத் திருப்பியது, பக்கத்தில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துவிட்டது, எல்லாமே நாடகமா? கட்டின புருஷனா இப்படி? போனை வெறித்துப் பார்த்துக்கொண்டு நின்றாள். அப்புறம்தான் மாமியாரின் நினைவு வந்தது.

“உங்களுக்கு முன்னாடியே தெரியுமா அத்தை?”

“தெரியும். நீ வேலைக்குப் போயிட்டா என்னை யார் பாத்துக்குவாங்களாம். எனக்காகத்தான் செய்யறேன்னு என்கிட்டயே சொல்றான். நான் கேட்டேனா அவனை?” மாமியார் ரவுட்டரைத் திரும்ப அலமாரி மேல் வைத்தாள். “ஆனா பெத்த பிள்ளையைக் காட்டிக்கொடுக்க எனக்கு வாய் வரலைம்மா. வைஃபை மக்கர் பண்ணினா இந்த இடத்துல குத்தும்மா, நான் போட்டு வெச்சதெல்லாம் அழிஞ்சு புதுசு மாதிரி ஆயிடும்னு அவனே ஒரு தடவை சொல்லிக்கொடுத்திருந்தான். போன மாசம் குத்தினப்பவும் விளக்கு திரும்ப எரிஞ்சுது. நீதான் அதுக்குள்ள எழுந்து போயிட்டே.”

மருமகளால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. திரையில் அழைப்பு மணி அடிக்கத் தொடங்கியது.

மாமியார் ஊசியைக் கொண்டையில் செருகிக்கொண்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு அவளை உட்கார வைத்தாள்.

“முகத்தைத் துடைச்சுக்கிட்டுப் பேசும்மா. சாயங்காலம் அவன் வந்து மறுபடி ரிப்பேர் பண்றதுக்குள்ள வேலையை வாங்கிடு.”