போட்டோ மட்டும் போதும்

“அம்மாவைத் தனியா ஒரு முப்பது படம் எடுத்துடுங்கண்ணா. நான் எப்படி விழுந்தாலும் பரவாயில்ல” என்றாள் ரியா.

ஸ்டுடியோக்காரர் ஜாபஸ் நிமிர்ந்து பார்த்தார். திருமுல்லைவாயில் ஸ்டேஷன் பக்கத்தில் பதினைந்து வருஷமாகக் கடை வைத்திருக்கிறார். ஒரு கல்யாணப் பெண் இப்படிச் சொல்லிக் கேட்டது இதுதான் முதல் தடவை.

தெரசாவை வெட்கம் பிடுங்கித் தின்றது. மண்ணூர்பேட்டை கம்பெனி கேண்டீனில் இருபது வருஷம் சப்பாத்தி தேய்த்த கைகளைப் புடவைத் தலைப்புக்குள் ஒளித்துக்கொண்டாள். ரியாவுக்கு மூன்று வயதாகும்போது புருஷன் போய்ச் சேர்ந்தான். அந்தக் கைகளை நம்பித்தான் மகளை முகப்பேரில் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் சேர்த்தாள், இன்ஜினீயரிங் படிக்க வைத்தாள்.

“இன்னாடி இது, எனக்கா கல்யாணம்?” என்றாள்.

ஜாபஸ் ஆல்பங்களை மேசையில் பரப்பிவிட்டு விஷயத்துக்கு வந்தார். இவர்கள் சொல்லும் தொகைக்கு போட்டோ, வீடியோ இரண்டும் சேர்ந்து வராது. ஏதாவது ஒன்றைத்தான் எடுக்க முடியும். போட்டோ என்றால் கனமான ஆல்பமும் சுவரில் மாட்ட ஒரு பெரிய படமும். வீடியோ என்றால் சர்ச் வாசலிலிருந்து ரிசப்ஷன் வரைக்கும் எல்லாமே சத்தத்தோடு இருக்கும், மேடையில் ஒவ்வொருவரிடமும் மைக்கை நீட்டி வாழ்த்து வாங்குவோம் என்றார்.

“மொத மைக் அம்மாவுக்குத்தான்” என்று தெரசாவைக் காட்டினார்.

தெரசா நாற்காலி நுனிக்கு வந்துவிட்டாள். மேடையில் மகளை வாழ்த்தி என்ன பேசுவது என்று இரண்டு மாசமாகச் சப்பாத்திக் கல்லுக்கு முன்னால் நின்று சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கேண்டீனில் பாத்திரம் தேய்க்கிறவளுக்குக்கூட அது மனப்பாடம். சொன்னது காற்றோடு போய்விடாமல் எங்கேயாவது தங்க வேண்டும். நாளைக்குப் பிறக்கப்போகும் பேரப்பிள்ளை அதைப் போட்டுக் கேட்க வேண்டும்.

“வீடியோவே எட்த்துடு நைனா. போட்டோவுல இன்னா கீது, எல்லாரும் மொறச்சிகினு நிப்போம்.”

“போட்டோ மட்டும் போதும்ணா” என்றாள் ரியா.

கம்மலை வைத்தாவது இரண்டையும் எடுத்துவிடலாம் என்று தெரசா சொல்லிப் பார்த்தாள். ரியா மசியவில்லை. மூளிக் காதோடு அம்மா படத்தில் நிற்கக் கூடாது என்றாள். அம்மாவுக்கு மாம்பழக் கலரில் பட்டு எடுத்தாயிற்று, கண்ணாடிக்கு ஃப்ரேம் மாற்றியாயிற்று, பார்லரிலும் சொல்லி வைத்தாயிற்று என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். கேட்டுக்கொண்டிருந்த ஜாபஸுக்கே மனசு இளகிவிட்டது. குடுத்து வெச்ச மகராசிம்மா நீங்க என்றார்.

தெரசா பூரித்துப்போய் சம்பந்தி வீட்டுப் புராணத்தை ஆரம்பித்தாள். மாப்பிள்ளை ஜாக்சனுக்கும் ரியாவுக்கும் ஒரே ஆபீஸ். அவன் குடும்பம் நாகர்கோவிலில். அப்பா, அம்மா இரண்டு பேரும் டீச்சர்கள். நேரில் இன்னும் பார்க்கவில்லை, செல்போனில் ஒரே ஒரு தடவை முகம் பார்த்ததோடு சரி. அன்றைக்கென்று பார்த்து இவர்கள் பக்கம் மைக் வேலை செய்யாமல் போக, சும்மா சிரித்தால் போதும் என்று ரியா சொல்லிவிட்டாள். ஆனால் அந்தச் சம்பந்தியம்மாள் சும்மா இருக்கவில்லை. ஐந்து விரலையும் குவித்து வாய்க்கு நேரே கொண்டுபோய், சாப்பிட்டாச்சா என்று சைகையிலேயே விசாரித்தாள். தெரசாவும் வயிற்றைத் தடவிக் காட்டினாள்.

“அம்மாம் படிச்ச டீச்சரம்மா, எனக்கோசரம் கைய கைய ஆட்டிகினு கீது. இன்னா மனசு பாரு நைனா.”

ஜாபஸ் சிரித்தார். இந்த அம்மா பேச்சை நாள் பூராவும் கேட்டுக்கொண்டிருக்கலாம் என்றார். ரியா சிரிக்கவில்லை. முன்பணத்தைச் செல்போனிலேயே அனுப்பிவிட்டு, அம்மாவின் கையைப் பிடித்து எழுப்பினாள்.

வெளியே வந்து ஷேர் ஆட்டோவுக்காக நின்றார்கள். வீடியோ இல்லை என்பதில் தெரசாவுக்குக் கொஞ்சம் வருத்தம்தான். ஆனாலும் பெற்றவளை இப்படித் தாங்குகிற பெண் யாருக்குக் கிடைக்கும் என்று நினைத்ததும் அது கரைந்துவிட்டது. ஒரே ஒரு ஆசைதான் பாக்கி.

“வீடியோ வாணாம், வுடு. நான் மைக்ல பேசறப்ப மட்டும் உன் ஃபிரெண்டு யாரையாச்சும் செல்லுல புடிக்கச் சொல்லு. ‘அப்பன் இல்லாத பொண்ணு, இனிமே உங்க ஊட்டுப் பொண்ணு’ன்னு ஆரம்பிக்கிறேன். நல்லா கீதா?”

காலியாக வந்த ஆட்டோ ஒன்று வேகத்தைக் குறைத்தது; ரியா வேண்டாம் என்று கையசைத்து அதை அனுப்பினாள். பக்கத்தில் யாராவது நிற்கிறார்களா என்று ஒரு முறை திரும்பிப் பார்த்துக்கொண்டாள். பிறகு அம்மாவின் தோளில் சரிந்திருந்த தலைப்பை இழுத்து ஒழுங்காக விட்டாள். குரல் அப்போதும் பிரியமாகத்தான் இருந்தது.

“மைக்கெல்லாம் வேணாம்மா. நீ ஊமைன்னு அவங்க வீட்டுல சொல்லியிருக்கேன்.”