அத்திப்பள்ளி பஸ்

"இன்னைக்கு நாலு பேர் முன்னால கேக்காம விடப் போறதில்ல" என்று கருவிக்கொண்டே நசீருதீன் சட்டைப் பொத்தானைப் போட்டார்.

அவர் மனைவி ஹமீதுன்னிசாவுக்குப் பகீரென்றது.

"ஜட்ஜ் அய்யா கண்ணை மூடி ஒரு மாசம்கூட ஆகல. இரங்கல் கூட்டத்துல பேசச் சொல்லி உங்களையும் மதிச்சுக் கூப்பிட்டிருக்காங்க. அங்க போயா வம்பு வளர்ப்பாங்க?"

"வம்பு என்ன வம்பு? ஒரே ஒரு கேள்வி. மாசா மாசம் நம்ம கடையிலயே சாமான் வாங்கின சரோஜம்மா, கேஸ் ஆரம்பிச்சதும் ஏன் நம்ம வாசப்படி மிதிக்கல? புருஷன் ஜட்ஜு, பொண்டாட்டி வசூலு. அதான் என் மூஞ்சியைப் பாக்கக் கூச்சம்!"

ஓசூரில் கம்பெனிகள் வர வர, இடத்துக்கெல்லாம் விலை தாறுமாறாக ஏறிய நேரம் அது. பாகலூர் ரோட்டில் ஓகோவென்று மளிகைக் கடை நடத்திய நசீருதீனைக் காலி பண்ணச் சொல்லி, கட்டடச் சொந்தக்காரர் மாதப்பன் கேஸ் போட்டார். விசாரித்தவர் ஜட்ஜ் தணிகாசலம். தீர்ப்பு மாதப்பன் பக்கம் போய்விட்டது. இப்போது கடை ஒரு சந்துக்குள் ஈ ஓட்டிக்கொண்டிருக்கிறது. வயிறு எரியத்தானே செய்யும்?

"ஜட்ஜ் வீட்டுக்குப் பால் ஊத்தினவன் யாரு? அந்த மாதப்பன்! பால் ஊத்தினவனுக்குத் தீர்ப்பு!"

"நீங்களும்தான் ரம்ஜான் சாக்குல ஒரு டின் கடலெண்ணெய் அனுப்பினீங்க."

"அது மரியாதைக்கு."

"திரும்பி வந்துருச்சே."

"அங்கதான் இருக்கு விஷயம்! நம்மளது வேணாம்னா, அவனோடது பெருசா உள்ள போயிருக்குன்னு அர்த்தம். கேஸ் முடிஞ்சதும் ஒண்ணுமே நடக்காத மாதிரி அந்தம்மா பையோட வந்து நின்னாங்க பாரு! சரக்கு இல்லைன்னு திருப்பி அனுப்பிட்டேன்ல? அப்புறம் அந்தப் பையைத் தூக்கிக்கிட்டு அத்திப்பள்ளிக்கு பஸ் ஏறுவாங்களே, எதுக்கு? ஓசூர்ல இல்லாத கடையா? வாங்கின பணத்தை கர்நாடகா பக்கம் பேங்க்ல போடத்தான்!"

ஊரும் இதைத்தான் முணுமுணுத்தது. நேரில் பார்த்தால் கும்பிடு, அந்தப் பக்கம் போனால் கிசுகிசு.

மண்டபத்தில் ஜட்ஜ் படத்துக்கு ஆளுயர மாலை. வக்கீல்கள் மாறி மாறிப் புகழ்ந்தார்கள்.

"அம்மாவைச் சொல்லாம விட முடியாது. கோர்ட் இருக்கற நாளெல்லாம் மத்தியானம் சூடா சாப்பாடு கொண்டு வந்த புண்ணியவதி!" என்று ஒருவர் தழுதழுத்தார்.

சரோஜம்மாள் தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். அதே முன்வரிசையில் மாதப்பன். ஜெயிச்சவனுக்கு இடத்தைப் பாரு என்று நசீருதீன் பல்லைக் கடித்தார்.

"அடுத்து நசீருதீன் பாய் ரெண்டு வார்த்தை பேசுவார்."

மைக்கைப் பிடித்தார்.

"அம்மா, எனக்குச் சுத்தி வளைக்கத் தெரியாது. கேஸ் ஆரம்பிச்சதும் என் கடைக்கு வர்றதை ஏன் நிறுத்தினீங்க? என் மூஞ்சியைப் பாக்க முடியாதபடி அப்படி என்ன நடந்துச்சு?"

"யோவ், உக்காருய்யா!" என்று ஒரு வக்கீல் கத்தினார்.

எழுந்தது மாதப்பன்.

"என்னா பாய் சொல்றே? உன் கடையையுமா நிறுத்தினாங்க? என் பாலையும்ல நிறுத்தினாங்க!"

"என்னது?"

"அட ஆமாங்கறேன். நாளையிலருந்து வேணாம்னு ஒரே வார்த்தை. நெய் அனுப்பினேன், அதுவும் திரும்பி வந்துருச்சு. சரி, பாயோட எண்ணெய் டின்னு உள்ள போயிருச்சு, நாம தொலைஞ்சோம்னு நெனச்சேன். எப்படி ஜெயிச்சேன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்கே புரியல!"

சரோஜம்மாள் மெல்ல எழுந்தாள்.

"சாப்பாடு கொண்டு போறப்ப கோர்ட் வராண்டாவைப் பாப்பேன். நம்ம வீட்டுக்குச் சாமான் குடுக்கறவங்க யாராவது நின்னா, அன்னையோட அவங்ககிட்ட வாங்கறதை நிறுத்திடுவேன். அப்போ ஊருல கடை வெச்சவங்க, மாடு வெச்சவங்க எல்லாருக்கும் ஏதாவது ஒரு கேஸு. நான் எங்க போறது? அதான் அத்திப்பள்ளி பஸ் ஏறினேன். பார்டர் தாண்டிட்டா, அங்க கடை வெச்சவங்க கேஸு இவர்கிட்ட வராது பாருங்க."

நசீருதீன் ஒரு அடி முன்னால் வந்தார்.

"அய்யா... அய்யா சொல்லித்தான் நிறுத்தினீங்களாம்மா?"

"ஐயோ, அவருக்குத் தெரியவே தெரியாது. வீட்டுல கேஸ் பேச்சே எடுக்க மாட்டாரு. இன்னாராலதான் நமக்குப் பால் இல்லைன்னு தெரிஞ்சா, அதுவும் மனசுல ஒரு ஓரமா உக்காந்துக்குமே? காப்பி இல்லாம அவருக்கு விடியாது. பால் எங்கன்னு கேட்டாரு. மாடு வத்திடுச்சுன்னு சொல்லிட்டேன். கேஸ் முடியற வரைக்கும் வரக்காப்பியையே குடிச்சாரு, பாவம்."

நசீருதீன் மைக்கைக் கீழே இறக்கினார். கை தானாகக் குவிந்தது.

சரோஜம்மாள் அவரைப் பார்க்கவில்லை. மாலைக்குள் இருந்த படத்தையே பார்த்தாள்.

"பொய் சாட்சி சொன்ன யாரையும் அவரு சும்மா விட்டதில்ல. வீட்டுக்குள்ளயே பொய் சொன்னவ ஒருத்தி இருந்தா. அவளை மட்டும் விசாரிக்காமலே போயிட்டாரு, பாய்."