மூலம் முடியட்டும்

"மூலம் முடியட்டும்," என்றார் என் மாமியார். நர்ஸ் என் வயிற்றில் புது மருந்துப் பட்டையை ஒட்டினாள். அது இருக்கும்வரை நஞ்சுக்கொடி எந்த ஹார்மோனை அனுப்பினாலும் பிரசவம் தொடங்காது.

நேற்று கேட்டை நட்சத்திரம் ஆகாது என்று ஒரு பட்டை ஒட்டினார்கள். வலி வருவதும் பாதியில் அடங்குவதுமாக இரண்டு நாளாக உட்காரவும் முடியாமல் படுக்கவும் முடியாமல் கிடக்கிறேன்.

"பூராடமும் வேண்டாம்," என்றார் செல்போன் திரையில் ஜோசியர். "உத்திராடத்துல பொறந்தா கலெக்டர் யோகம்."

"இன்னும் ரெண்டு நாள்தானே தேன்மொழி, பொறுத்துக்கோயேன்," என்றார் என் கணவர் கதிரேசன், இட்லியைப் பிட்டுக்கொண்டே.

நான் நர்ஸைப் பார்த்தேன். "இதை இப்பவே எடுத்துடுங்க."

"பாரத்துல கையெழுத்துப் போட்டவங்க சொன்னாத்தாம்மா எடுக்க முடியும்."

பாரத்தைப் பிடுங்கிப் பார்த்தேன். கணவர் கையெழுத்து இருந்தது, மாமியார் கையெழுத்து இருந்தது, ஜோசியரின் முத்திரைகூட இருந்தது.

"வயிறு என்னோடது. என் பேரு எங்க?"

நர்ஸ் தயங்கித் தயங்கிக் கடைசி வரியில் விரலை வைத்தாள். 'குழந்தை பிறக்கும் இடம்' என்ற கட்டத்துக்குள் என் பெயரை அழகாக எழுதியிருந்தார்கள்.