இரண்டாவது ரேகை

மேல்முறையீடு தாக்கல் செய்ய அன்றுதான் கடைசி நாள். நாலு மணிக்குக் கவுண்டரை மூடிவிட்டால் கச்சால் தீவில் உள்ள வீடு போய்விடும். வக்கீல் குமாஸ்தா சுதாகர் வக்காலத்தில் சொர்ணம்மாவின் கைரேகையை வாங்கினார்.

"உன் வீட்டுக்காரர் முத்துவீரன் எங்கே? அவர் ரேகையும் வேணும்."

"அவரு செத்து பதினோரு நாளுங்க. இன்னைக்குத்தான் கப்பல் கெடச்சிச்சு."

"அரே, முன்னாடியே சொல்றதில்லையா? எல்லாத்தையும் திரும்ப டைப் அடிக்கணுமே!"

மைப்பெட்டியை மேசைக்குள் பூட்டிவிட்டு டைப்பிஸ்ட்டைத் தேடி ஓடினார். ஆள் இல்லை. திரும்பி வந்தபோது, முத்துவீரன் பெயருக்குக் கீழே ரேகை இருந்தது. நடுவில், ரப்பர் மரம் சீவுகிறவர்களின் விரலில் இருக்கும் கத்தி வெட்டுத் தழும்பு.

சொர்ணம்மாவின் விரல்களைப் புரட்டிப் பார்த்தார். ஒன்றிலும் தழும்பு இல்லை.

"யாரும்மா வெச்சது?"

அவள் தன் முந்தானையையே பார்த்துக்கொண்டிருந்தாள். முத்துவீரன் எப்போதும் கை துடைக்கிற முனையில் மை ஈரமாக இருந்தது.