ஆறாவது துடிப்பு

வானியல் செய்முறைத் தேர்வில் ரேடியோத் துடிப்பு அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியை அளக்க வேண்டும். சீட்டெடுத்தபோது மற்றவர்களுக்கு நிலவும் செவ்வாயும் வந்தன. அன்றே முடித்தார்கள், அந்த வருஷமே பட்டமும் வாங்கினார்கள். செண்பகவல்லிக்கு வந்தது பன்னிரண்டு ஒளியாண்டு தூரத்தில் ஏதோ ஒரு விண்மீனைச் சுற்றும் கோள்.

"வேற சீட்டு எடுத்துக்கோம்மா" என்றார் வெளியூரிலிருந்து தேர்வு நடத்த வந்த எக்ஸ்டர்னல். அவள் மாட்டேன் என்றாள். ஐந்து துடிப்பு அனுப்பச் சொன்னால், பயத்தில் கை நடுங்கி ஆறாவதையும் தட்டித் தொலைத்தாள். அவர் தலையில் அடித்துக்கொண்டார்.

அவள் கல்யாணப் பத்திரிகையில் பெயருக்குப் பின்னால் பட்டம் இல்லை.

இருபத்து நான்கு வருஷம் கழித்து, எதிரொலி திரும்பும் நாளில், நரையோடிய தலையோடு பாளையங்கோட்டையில் அதே ஆய்வகத்தில் வந்து உட்கார்ந்தாள். இப்போது எக்ஸ்டர்னல், அன்று நிலவுச் சீட்டு எடுத்து, அவள் துடிப்பு அனுப்பியதைப் பக்கத்தில் நின்று பார்த்த தோழி ரெஜினா. சுற்றிலும் மாணவர்கள் நின்றதால், "பதறாம உட்காருங்க" என்று மரியாதையாகச் சொன்னாள்.

திரையில் ஒரு துடிப்பு எழுந்தது. இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. பிறகு வெறும் கோடு.

"வெறும் இரைச்சலாவும் இருக்கலாம். இது நீங்க அனுப்பினதுதான்னு எப்படிச் சொல்லுவீங்க?" என்று கேட்டாள் ரெஜினா.

செண்பகவல்லி திரையில் அந்தக் கோட்டின் முனையைச் சுட்டிக் காட்டினாள்.

ஆறாவது வந்தது. கொஞ்சம் பிந்தி, கொஞ்சம் கோணலாக. இருபது வயதுப் பெண்ணின் நடுக்கம், அவ்வளவு பெரிய இருட்டுக்குள் போய்த் திரும்பியும் இம்மிகூடக் குறையாமல் இருந்தது.

ரெஜினா நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள்.

"ஏட்டி... இது உன் கைதாம்ட்டி!"