வேர்ப் பக்கம்

வீட்டு வளவில் சாய்ந்து விழுந்த வேம்பின் அடிமரப் பலகை அது. தச்சர் அருளப்பு அதன் நடுவில் ஆணி அடித்து, மரத்தை வட்டமாக வெட்டும் ரூட்டர் இயந்திரம் பூட்டிய கட்டையின் மறுமுனையை ஆணியில் மாட்டினார்.

“மாமா, மேசை வட்டமா வருமோ?” என்று கஜானி சீண்டினாள்.

“உன்ர தோசையை விட வட்டமா வரும், வாயாடி.”

அரைச் சுற்றில் இயந்திரம் வீறிட்டு, பொறி பறந்தது. வெட்டிய கோட்டில் போரில் வெடித்த ஷெல் குண்டின் துண்டு ஒன்று துருவேறிப் புதைந்திருந்தது.

கஜானியின் தாய் பவளராணி அதையே பார்த்தாள். “அண்ணை, இதில வேர்ப் பக்கம் எது?”

அவர் காட்டினார். அவள் வேர்ப் பக்கம் கீழே வரப் பலகையை நிமிர்த்தி, பின்னால் குந்தினாள். பதினாறு வருடங்களுக்கு முன் கைக்குழந்தை கஜானியோடு அந்த மரத்தின் பின்னால் ஒளிந்த நாளில் குந்தியதுபோலவே கைகளை நெஞ்சோடு அணைத்தாள். குழந்தையின் தலை இருந்த உயரத்தில் இரும்பு நின்றது.

“என்னம்மா செய்யிறியள்?”

பவளராணி அந்த இரும்பை விரலால் தொட்டாள். அருளப்பு சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார். பிறகு புது வெட்டலகு மாட்டி, ரூட்டரை ஆணியிலிருந்து இன்னும் மூன்று விரல் தள்ளிப் பூட்டினார்.

“வட்டத்தைப் பெருப்பிக்கிறன், தங்கச்சி. அந்த இரும்பு மேசைக்கு உள்ளுக்கே இருக்கட்டும்.”

“அப்ப மேசையைச் சுத்தி இன்னொரு ஆளும் இருக்கலாம்,” என்றாள் கஜானி.